பன்னீர் பாட்டிலின் பின்பக்கம்

சருமப் பிரச்சினைக்காக வருகிறவர்களில் பலர் பழைய மருந்துச் சீட்டை மறந்துவிடுவார்கள். முகத்துக்குப் போடும் பாட்டில்களை மட்டும் மறக்காமல் கொண்டுவருவார்கள். அவற்றில் ஒரு பன்னீர் பாட்டில் அநேகமாக இருக்கும். “இது வெறும் ரோஜாதானே டாக்டர், இதனால ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்பார்கள். நான் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பேன். முன்பக்கம் ரோஜாப் படம் பெரிதாக இருக்கும். பின்பக்கம் தண்ணீர், வாசனைப் பொருள், நிறமி, கெடாமல் காக்கும் ரசாயனம், அவ்வளவுதான். சில பாட்டில்களுக்குள் ரோஜா எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

நான் ரோஜாவுக்கு எதிரி இல்லை. ரோஜாவின் எந்தப் பகுதி, எந்த வழியில் பாட்டிலுக்குள் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது சருமத்துக்கு என்ன செய்யும் என்று சொல்ல முடியும். ‘ரோஜா நல்லது’ என்று மொத்தமாகச் சொல்வதில் அர்த்தமில்லை.

முதலில் பன்னீர். பன்னீர் ரோஜா இதழ்களை நீரோடு சேர்த்துக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து வடிப்பார்கள். வடிந்ததில் மேலே மிதப்பது ரோஜா எண்ணெய், அடியில் நிற்கும் மணமான நீர்தான் பன்னீர். எண்ணெய் மிகக் குறைவாகவே கிடைக்கும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ இதழ்கள் வேண்டியிருக்கும். எளிதில் ஆவியாகும் பொருள்கள் மட்டுமே இந்த வழியில் மேலேறி வரும். இதழின் சிவப்பு நிறமி வராது, துவர்ப்புத் தரும் டானின் வராது. ஆகவே வடித்தெடுத்த பன்னீருக்கு நிறமே இருக்காது. இளஞ்சிவப்பாக ஒரு பாட்டிலைப் பார்த்தால் சாயம் கலந்திருக்கிறதா என்று பின்பக்கத்தில் தேடுங்கள்.

ஆய்வுக்கூடச் சோதனைகளில் ரோஜா இதழ்ச் சாறு ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதும், அழற்சியைத் தணிப்பதும் காணப்பட்டிருக்கின்றன. விளம்பரங்கள் அந்தப் பெருமையை அப்படியே பன்னீருக்கும் கொடுத்துவிடுகின்றன. ஆனால் அந்த வேலையைப் பெருமளவு செய்யும் நிறமிகளும் டானின்களும் வடிக்கும்போது பாத்திரத்திலேயே தங்கிவிடுகின்றன!

அப்படியானால் பன்னீரால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது எளிமையான பயன். முகம் கழுவிய பின் தெளித்தால் குளிர்ச்சி, நல்ல மணம், கொஞ்சம் ஈரம். நம் சருமத்தின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பன்னீரும் பெரும்பாலும் அப்படியே என்பதால் காரத்தன்மையுள்ள சோப்பைப் போல உறுத்தாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தெளித்துவிட்டு அப்படியே காயவிட்டால் அந்த ஈரம் ஆவியாகிப் போய், முகம் முன்பைவிட இறுக்கமாகத் தோன்றலாம். ஈரம் இருக்கும்போதே மேலே மாய்ஸ்சரைசர் தடவிவிடுங்கள். பன்னீரில் சில துளி கிளிசரின் கலந்து போடுகிற பழக்கம் எனக்குப் பிடித்தமானது. அதில் ஈரத்தைப் பிடித்துவைப்பது கிளிசரின்தான், பேர் மட்டும் பன்னீருக்குப் போய்விடுகிறது.

சருமத் துளைகளைப் பன்னீர் மூடாது. அவற்றைத் திறந்து மூடத் தசை எதுவும் கிடையாது. நிறத்தை வெளுப்பாக்காது. சன்ஸ்கிரீனுக்கு மாற்றும் ஆகாது.

இதழ்களைக் கொதிக்கவைத்துப் பன்னீரை வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். சரி, அதில் நிறமியும் டானினும் இறங்கும். கூடவே சர்க்கரைச் சத்தும் இறங்கும். கிருமிகளுக்கு அது நல்ல விருந்து. ஒருவர் கொண்டுவந்த பாட்டிலின் அடியில் வெள்ளை நூல்போல ஏதோ மிதந்துகொண்டிருந்தது. ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தாராம், இதழ்த் துணுக்கு என்று நினைத்தாராம். அது பூஞ்சை. கொதிக்கவைத்து எடுத்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள், மீந்தால் கொட்டிவிடுங்கள். பூங்கொத்து ரோஜாவை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது அலங்காரத்துக்கு வளர்த்தது, பூச்சிமருந்து அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், முகத்துக்கு வைத்திருக்கும் எந்தப் பன்னீரையும் கண்ணில் விடாதீர்கள். கண்ணில் விடும் மருந்துகள் கிருமி நீக்கித் தயாரிக்கப்படுபவை, இது அப்படி அல்ல.

ரோஜா எண்ணெய்க்கு வேறு கதை. ஜெரானியால், சிட்ரோனெல்லால், யூஜெனால் என்று அதற்கு மணம் தரும் பொருள்களே சிலருக்கு ஒவ்வாமையையும் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் இவற்றின் பெயரை லேபிளில் தனியாக அச்சிட வேண்டும் என்றே விதி இருக்கிறது. செடியிலிருந்து வந்தாலும் ஆலையில் செய்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். சருமம் ஆளைப் பார்த்து நடந்துகொள்வதில்லை. அதனால் எண்ணெயை நேரடியாக முகத்தில் தடவவே கூடாது. எக்ஸிமா (சருமம் வறண்டு அரிக்கும் நோய்), ரோசேசியா (முகம் அடிக்கடி சிவக்கும் நோய்) உள்ளவர்கள் மணமுள்ள பொருள்களையே தவிர்ப்பது நல்லது, அது எவ்வளவு சுத்தமான ரோஜாவாக இருந்தாலும்.

உலர்ந்த சருமம் உள்ளவர்கள் கேட்டால் நான் அதிகம் பேசுவது ரோஜாக் கனியின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பற்றித்தான். காட்டு ரோஜா வகைகளில் இதழ் உதிர்ந்த பின் சிறிய சிவப்புக் கனி வரும், அதன் விதையைப் பிழிந்து எடுப்பது. இதற்கு ரோஜா மணம் கிடையாது. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நிறைய இருக்கிறது. சருமத்தின் ஈரத்தைக் காக்கும் மேல் தடுப்புக்கு அது உதவும், பிசுபிசுப்பும் குறைவு. வைட்டமின் சி நிறைந்தது என்று இதையும் விற்கிறார்கள். கனியின் சதையில் அது உண்மைதான், ஆனால் நீரில் கரையும் அந்த வைட்டமின் எண்ணெய்க்குள் வராது. இந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கடித்துவிடும். அடர்நிறச் சின்ன பாட்டிலாக வாங்கி, வெயில் படாமல் வையுங்கள். பெயின்ட் மாதிரி வாடை அடித்தால் தூக்கிப்போடுங்கள்.

எதை வாங்கினாலும் முகத்துக்குப் போகும் முன் முழங்கையின் உட்பக்கத்தில், ஒரு சின்ன இடத்தில், தினம் இரண்டு வேளை 7 முதல் 10 நாள் வரை தடவிப் பாருங்கள். ஒவ்வாமை சில சமயம் நாள் கழித்துத்தான் தலைகாட்டும், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு முடிவு கட்ட முடியாது. சிவந்தாலோ அரித்தாலோ உடனே நிறுத்தி, வெறும் தண்ணீரில் கழுவுங்கள். அரிப்பைத் தணிக்க இன்னொரு இயற்கைப் பொருளை மேலே பூசாதீர்கள். இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் சரும மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள், லேபிளைக் கிழிக்காமல்.