ஊருணியில் நான் கொட்டிய வாளி

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஐப்பசி மழை பிடித்து, டெங்குக் காய்ச்சல் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். ஊருணிப் படித்துறையில் நின்று, கொசுப்புழுவைத் தின்னும் என்று சொல்லி, ஒரு வாளிக் கம்பூசியா மீனை நான்தான் தண்ணீரில் கொட்டினேன். கொசு ஒழிப்புக்கான பூச்சியியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவர் படம் எடுத்தார். மருந்து இல்லை, புகை இல்லை, வாடை இல்லை. இதைவிட நல்ல காரியம் உண்டா என்று நானும் நம்பினேன்.

இரண்டு மழைக்காலம் கழித்து அதே ஊருக்குப் போனபோது ஓர் ஆச்சி கேட்டார்: “தம்பி, மழை பெய்து நாலு நாளாகிறது. ராத்திரியில் தவளை கத்துகிறதா, கேட்டாயா?”

தவளை குறைய எத்தனையோ காரணங்கள் உண்டு. வயலில் அடிக்கும் பூச்சிமருந்தும் ஒன்று. ஆனாலும் மனம் கேட்காமல் கைவலையைப் போட்டு இழுத்தேன். வந்தது முழுக்கக் கம்பூசியா. தலை உச்சியில் வெள்ளிப் பொட்டோடு நீரின் மேல்மட்டத்தில் திரியும் முண்டக்கண்ணி மீன் முன்பு அங்கே ஏராளம். அன்று ஒன்றுகூடச் சிக்கவில்லை. அதுவும் கொசுப்புழு தின்னும் மீன்தான். யாரும் வாளியில் கொண்டுவந்து விடாமலே காலங்காலமாக அந்த வேலையைப் பார்த்துவந்தது.

கம்பூசியாவின் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்பகுதியும் மெக்சிகோவும். மலேரியாவை அடக்குவதற்காக அதை நாடு நாடாகத் தூக்கிச் சென்றார்கள். 1905இல் ஹவாய், 1920களில் இத்தாலி, அங்கிருந்து 1928இல் இந்தியா. 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதையே நிறுத்திக்கொண்டது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் அதன் பெயர் ஏறிவிட்டது. நான் வாளியைச் சாய்த்தது இதற்கெல்லாம் பிறகு என்பதுதான் வெட்கம்.

பெண் மீன் அதிகம் போனால் 6, 7 சென்டிமீட்டர். முட்டையிடாது, குட்டி போடும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஓர் ஈற்று, ஓர் ஈற்றில் டஜன் கணக்கில் குஞ்சுகள். ஆணிடம் பெற்ற விந்தை மாதக்கணக்கில் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால், ஒரு குளத்தை நிரப்பச் சூல் கொண்ட ஒற்றைப் பெண் போதும். வலை போட்டு அரித்து ஒழித்துவிடலாம் என்று முயன்றவர்கள் தோற்றுப்போவது இதனால்தான்.

கொசுப்புழு மட்டும் தின்று வயிறு நிறைக்கும் மீனும் அல்ல. மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளை முட்டை, தலைப்பிரட்டை எல்லாம் அதற்கு இரை. தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பைக் கடித்துக் குதறும். தண்ணீருக்குள் கொசுப்புழுவை வேட்டையாடும் தட்டானின் இளம்பூச்சிகளையும் விடாது. நுண்பாசியை மேயும் தண்ணீர்த் தெள்ளு என்ற பொடி உயிர்களைத் தின்று தீர்த்தால் பாசி பெருகி, நீர் பச்சையாகத் திரும்பும். குடத்தில் மொண்டு குடிக்கும் ஊருணிக்கு இது எவ்வளவு கேடு என்று செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு சிக்கல். வற்றாத ஆறு இல்லாத சீமை இது. அதனால் முன்னோர்கள் மழைநீரை வரத்துக்கால் போட்டு ஊருணிக்கும் கண்மாய்க்கும் இழுத்தார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் மிஞ்சிய நீர் கலுங்கு என்ற வடிகால் வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். நீருக்கு வெட்டிய பாதை மீனுக்கும் பாதை. ஒரு ஊரில் விட்டது அடுத்த அடைமழையில் எந்த ஊரில் இருக்கும் என்று விட்டவனால் சொல்ல முடியாது. கோடையில் மீன் பிடிக்க ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு கண்மாயில் இறங்கும் சனம் தேடுவது விராலையும் கெளுத்தியையும் கெண்டையையும். கம்பூசியாவை யாரும் குழம்பு வைக்கப் போவதில்லை.

இவ்வளவுக்கும், டெங்குக் கொசு ஊருணியில் வளர்வதே இல்லை. ஏடிஸ் என்ற அந்தக் கொசு தேடுவது வீட்டைச் சுற்றித் தேங்கும் சின்னச் சின்னத் தண்ணீரை. செட்டிநாட்டில் அதற்குப் பஞ்சமா? கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, முற்றத்து ஓரம் மழைநீருக்கு வைத்த அண்டா, மூடாத சிமெண்ட் தொட்டி. சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கல்யாணத்துக்கும் சாமி கும்பிடவும் மட்டும் திறக்கும் பெரிய வீடுகளில் இவை மாதக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கும். ஒரு வாரம், பத்து நாள் போதும், முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். காய்ந்த தொட்டியின் சுவரில் ஒட்டிய முட்டை பல மாதம் உயிரோடு காத்திருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மீனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நகரத்து மலேரியாவைப் பரப்பும் கொசு கிணற்றிலும் தொட்டியிலும் வளரும். மறுகால் எட்டாத கிணற்றில் மீன் விடலாம். அதற்கும் அந்தப் பக்கத்து முண்டக்கண்ணியே போதும். ஏற்கெனவே கம்பூசியா புகுந்த ஊருணி சித்திரையில் வற்றும்போது, மிச்சத் தண்ணீரையும் இறைத்து அடிமண் வெடிக்கக் காயவிடுங்கள். மிச்சம் ஒரு குட்டை இருந்தாலும் வேலை வீண்.

போன ஐப்பசியில் ஓர் ஊராட்சித் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். “சார், ஊருணியில் விட ஆயிரம் கம்பூசியா கிடைக்குமா?”

“உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு எத்தனை?” என்று கேட்டேன்.

எண்ணிச் சொல்ல அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. நாற்பத்தொன்று. எந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போது பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.