கள் நுரையிலிருந்து கோலி சோடா வரை: கரியமில வாயு தொழிற்சாலைக்கு வந்து சேரும் வழி

வாளையாற்றைத் தாண்டித் தெற்கே போனால் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர்கள் வரும். கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போகும் தென்னங்கள்ளில் பெரும்பங்கு இந்தச் சித்தூர் வட்டத்துத் தோப்புகளில் இறக்கப்படுகிறது. இறக்கிய கள்ளைக் கேனில் ஊற்றி மூடியை இறுக்கித் திருகிவிட்டால், சிறிது நேரத்தில் கேன் புடைத்துக்கொள்ளும். கள்ளிலுள்ள ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தை உண்டாக்கும்போதே கரியமில வாயுவையும் வெளியிடுவதுதான் காரணம். கலயத்தில் சுண்ணாம்பு பூசினால் ஈஸ்ட் அடங்கிவிடும். நுரையும் இல்லை, போதையும் இல்லை, கிடைப்பது பதநீர்.

அதே சாலையோரக் கடையில் விற்கும் கோலி சோடாவில் பொங்குவதும் இதே வாயுதான். ஆனால் அது சிலிண்டரில் வந்தது. சிலிண்டருக்குள் அது எப்படிப் போனது என்பதைப் பலர் யோசித்ததில்லை. காற்றிலிருந்து பிடித்திருப்பார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் அப்படித்தான் பிரிக்கிறார்கள் என்பதால் அந்த நினைப்பு இயல்பானதே. கரியமில வாயுவுக்கு அது கட்டுப்படியாகாது. புவியைச் சூடாக்கும் அளவுக்கு அது பெருகிவிட்டது உண்மைதான் என்றாலும், காற்றில் அதன் பங்கு 0.042 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஒரு கிலோ வாயு வேண்டுமானால் சுமார் 1,300 கன மீட்டர் காற்றைச் சலிக்க வேண்டும். ஆகவே வேறு ஏதோ ஒன்றைத் தயாரிக்கும்போது செறிவாக வெளியேறும் இடத்தில் போய் அதைப் பிடிக்கிறார்கள். தொழிலுக்கு விற்கப்படும் கரியமில வாயு, பெரும்பாலும், இன்னொரு பொருளின் உடன்விளைவு. அதன் விலை, தட்டுப்பாடு, தூய்மை எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி வழிகாட்டும்.

முதல் ஊற்று எரிசாராய ஆலை. 180 கிராம் குளுக்கோஸ் முழுமையாக நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். அதாவது சாராயம் எவ்வளவோ, ஏறக்குறைய அதே எடைக்கு வாயு. தொட்டியின் மேலிடத்தில் ஆரம்பத்தில் இருக்கும் காற்றை வெளியே விட்டுவிட்டால், அதன்பின் வருவது பெரும்பாலும் சுத்தமான கரியமில வாயுவே. பெட்ரோலில் எத்தனாலைக் கலக்கும் திட்டத்தால் நாடெங்கும் இத்தகைய ஆலைகள் பெருகியிருப்பதால், இந்த ஊற்றும் பெருகியிருக்கிறது.

இரண்டாவது ஊற்று உரத்தொழிற்சாலை, அளவில் பெரியது. யூரியாவுக்கும் பிற உரங்களுக்கும் அடிப்படையான அமோனியாவைத் தயாரிக்க ஹைட்ரஜன் வேண்டும். இயற்கை எரிவாயுவை நீராவியோடு கலந்து, நிக்கல் வினையூக்கி நிரப்பிய குழாய்களில் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செலுத்தினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கிடைக்கின்றன. அந்த மோனாக்சைடு மறுபடியும் நீராவியோடு வினைபுரிந்து, மேலும் ஹைட்ரஜனையும் கூடவே கரியமில வாயுவையும் தருகிறது. இந்த வாயு சிறிதளவு தங்கிவிட்டாலும், அடுத்த கட்டத்தில் அமோனியாவை உருவாக்கும் இரும்பு வினையூக்கி கெட்டுவிடும். ஆகவே வாங்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொட்டாசியம் கார்பனேட் அல்லது அமீன் கரைசலில் கழுவி, ஆலை அதைப் பிரித்தே ஆக வேண்டும். பிரிக்கும் செலவு அமோனியாவின் கணக்கில் எழுதப்பட்டுவிடுவதால்தான் இந்த வாயு மலிவாகக் கிடைக்கிறது.

ஆனால் எல்லா உர ஆலைகளிலும் அது மிஞ்சுவதில்லை. ஒரு டன் யூரியாவுக்குள் சுமார் 0.73 டன் கரியமில வாயு அடங்கிப்போகிறது. யூரியா ஆலைகள் தாங்கள் பிரித்ததைத் தாங்களே உண்டுவிடுகின்றன. கொச்சிக்கு அருகே உத்யோகமண்டலில் உள்ள ஃபேக்ட் போல, அமோனியம் பாஸ்பேட், அமோனியம் சல்பேட் ஆகியவற்றை முதன்மையாகத் தயாரிக்கும் ஆலைகளின் நிலை வேறு: அந்த உரங்களில் கார்பனுக்கே இடமில்லை. 1947-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது அந்த ஆலை இயற்கை எரிவாயுவை அல்ல, விறகை வாயுவாக்கி ஹைட்ரஜன் எடுத்தது என்பதை இங்கே நினைவுகூர்வது தகும்.

மூன்றாவது வழி, புகைபோக்கியிலிருந்தே பிடிப்பது. நிலக்கரிப் புகையில் கரியமில வாயு 10 முதல் 15 விழுக்காடுதான். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். புகையை 40 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து அமீன் கரைசலின் ஊடே செலுத்தினால் கரியமில வாயு மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரைசலை 120 டிகிரி வரை சூடாக்கினால் வாயு விடுபடும். கரைசலைக் குளிர்வித்து மறுபடியும் பயன்படுத்தலாம். தூத்துக்குடியில் சோடா உப்புத் தயாரிக்கும் ஓர் ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடிக்கும் அமைப்பை 2016-இல் இயக்கத் தொடங்கியது. கரைசலைச் சூடாக்கும் நீராவிக்கே இதில் அதிகம் செலவாகிறது.

எங்கே பிடித்தாலும் அது அப்படியே சோடாவுக்கு ஆகாது. நொதித்தொட்டி வாயுவில் சாராய ஆவி, அசிட்டால்டிஹைடு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை ஒட்டிவரும். நீரில் கழுவினால் சாராயம் போய்விடும். கிளர்வூட்டிய கரி நாற்றங்களை ஈர்த்துக்கொள்ளும். பிறகு அலுமினா நிரப்பிய கலனில் ஈரத்தை முற்றிலும் வாங்க வேண்டும். ஈரம் இருந்தால் அது குளிர்குழாய்களில் பனியாக உறைந்து அடைப்பதோடு, கரியமில வாயுவுடன் சேர்ந்து அமிலமாகி இரும்பையும் அரிக்கும். இந்தக் கரிவடிகட்டியை உரிய காலத்தில் மாற்றத் தவறினால் என்னாகும் என்பதற்கு 1990-ஆம் ஆண்டில் பெரியர் (Perrier) என்னும் ஊற்றுநீர் நிறுவனத்தில் நேர்ந்த நிகழ்வு சான்று. பிரான்சின் அந்த ஊற்றில் நிலத்தடியிலிருந்து எடுத்த வாயுவைச் சுத்தம் செய்யும் வடிகட்டி மாற்றப்படாததால், நீரில் பென்சீன் கலந்தது. உலகெங்கும் சுமார் 16 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற நேர்ந்தது.

சுத்தமான வாயுவை இனி திரவமாக்க வேண்டும். இந்த வாயுவுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. வளிமண்டல அழுத்தத்தில் அதை எவ்வளவு குளிர்வித்தாலும் திரவமாகாது, மைனஸ் 78.5 டிகிரியில் நேரே கட்டியாகிவிடும். அதுவே டிரை ஐஸ். திரவம் வேண்டுமானால் அழுத்தம் 5.2 பாருக்குக் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) கீழே இறங்கக் கூடாது. ஆகவே சுமார் 20 பார் வரை அழுத்தி, அமோனியாக் குளிர்பதன இயந்திரத்தால் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே கொண்டுபோகிறார்கள். திரவமாகாமல் எஞ்சும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் மேலே பிரிந்து வெளியேறிவிடுகின்றன. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் 500 லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக விரியும் என்பதால்தான் லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புவது கட்டுப்படியாகிறது. டேங்கரை இறக்கும்போது கவனக்குறைவாக அழுத்தத்தை 5.2 பாருக்குக் கீழே விட்டுவிட்டால், உள்ளிருக்கும் திரவம் டிரை ஐஸாக இறுகி, இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் நின்றுவிடும்.

சிறிய பட்டறைகளுக்குப் போவது சிலிண்டர். இங்கே எங்கள் பகுதியின் வெயில் ஒரு விந்தையைச் செய்கிறது. கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் எந்த அழுத்தத்திலும் திரவமாக இருக்க முடியாது. பாலக்காட்டில் பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் மதியங்களில், வெளியே வைத்த நிறை சிலிண்டருக்குள் இருப்பது திரவமும் அல்ல, வழக்கமான வாயுவும் அல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட அடர்ந்த நிலை. அழுத்தமும் 100 பாரைத் தாண்டலாம். சிலிண்டர் கொள்ளும் நீரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாயுவை நிரப்பாமல் இருப்பது இதற்காகத்தான். குளிர்ந்த நேரத்தில் வேறொரு சிக்கல்: திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை அழுத்தமானி ஒரே அளவையே காட்டும், பிறகு சட்டென்று விழும். ஆகவே மீதியை அறிய முள்ளைப் பார்த்துப் பயனில்லை. தராசில் வைத்து, சிலிண்டரில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழிக்க வேண்டும்.

கோயம்புத்தூர், கஞ்சிக்கோடு வார்ப்பாலைகளில் இந்தச் சிலிண்டர் செய்யும் வேலையைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். மணலில் சோடியம் சிலிகேட் என்னும் பிசினைக் கலந்து, அச்சில் இடித்து, வாயுவைச் சில நொடிகள் ஊதினால், பிசின் சிலிக்கா கூழாக இறுகி, மணல் கல்போலாகிவிடும். பம்பு உடலின் உட்குழிவை உருவாக்கும் கோர் இப்படித்தான் பிறக்கிறது. அளவுக்கு மீறி ஊதினால் கோர் வலுவிழந்து உதிரும்; அனுபவமுள்ளவர் கை நொடிக்கணக்கில் வால்வை மூடும். வெல்டிங் பட்டறையிலோ வாயு வேகமாக விரிந்து குளிர்வதால் ரெகுலேட்டரில் பனி பிடிக்கும். அதற்கென்றே மின்சார ஹீட்டரை இடையில் பொருத்துகிறார்கள்.

உடன்விளைவை நம்பியிருப்பதன் பலவீனம் 2021 செப்டம்பரில் பிரிட்டனில் வெளிப்பட்டது. எரிவாயு விலை ஏறியதால் இரண்டு உர ஆலைகள் நின்றன. அந்நாட்டுக்கு வேண்டிய கரியமில வாயுவில் சுமார் 60 விழுக்காடு அவற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. குளிர்பானம் மட்டுமன்றி, இந்த வாயுவால் விலங்குகளை மயக்கும் கோழி, பன்றி இறைச்சிக் கூடங்களும் தடுமாற, அரசே பணம் கொடுத்து ஓர் ஆலையை இயக்கச் செய்தது. தங்கள் உணவுத் தொழில் உரத்தின் விலையில் தொங்கிக்கொண்டிருந்ததை அன்றுதான் அங்கே பலர் அறிந்தார்கள்.

சிலிண்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு கடையும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் பள்ளத்திலும் நிலவறையிலும் தேங்கும். பழைய கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. விளக்கு அணைவது ஆக்சிஜன் குறைவதால். கரியமில வாயுவோ 4 விழுக்காட்டிலேயே உயிருக்கு ஆபத்தாகிறது, அந்த அளவில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சோடா நிரப்பும் அறையில் கசிவுக்கருவியைக் கூரையில் அல்ல, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பொருத்த வேண்டும்.