கமாவா, ஜொயினா: எஸ்.கியூ.எல்-இல் அட்டவணைகளை இணைத்தல்

ஊர்ச் சனசமூக நிலைய நூலகத்தின் இரவல் பதிவு கணினியில் இருக்கிறது என்று வையுங்கள். 'உறுப்பினர்' அட்டவணையில் 800 நிரைகள், 'இரவல்' அட்டவணையில் 3,000. யார் எதைக் கொண்டுபோனார் என்று பார்க்க, எஸ்.கியூ.எல் என்ற தரவுத்தள வினவல் மொழியில் இரண்டையும் இணைக்க வேண்டும். பழைய முறை, அட்டவணைகளுக்கு இடையே கமா:

ஃப்ரம் உறுப்பினர் உ, இரவல் இ
வேர் உ.எண் = இ.உறுப்பினர்_எண்

எஸ்.கியூ.எல்-92 தரத்தோடு வந்த முறை:

ஃப்ரம் உறுப்பினர் உ ஜொயின் இரவல் இ
ஒன் உ.எண் = இ.உறுப்பினர்_எண்

வேகத்தில் வித்தியாசம் தேடாதீர்கள். இத்தகைய எளிய இணைப்புக்கு இன்றைய தரவுத்தளங்கள் இரண்டையும் ஒரே மாதிரித்தான் நிறைவேற்றும். பிழை விடும்போதுதான் வித்தியாசம் தெரியும். பழைய முறையில் அந்த 'வேர்' வரி விடுபட்டால் ஒவ்வோர் உறுப்பினரும் ஒவ்வோர் இரவலோடும் சேர்ந்து 800 × 3,000, அதாவது 24 இலட்சம் நிரைகள் வந்து கொட்டும், பிழைச்செய்தி வராது. ஆறு அட்டவணைகளில் ஓர் இணைப்பு மட்டும் விடுபட்டால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். புதிய முறையில் 'ஒன்' இல்லாவிட்டால் ஒராக்கிள், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்கள் உடனே மறுக்கும். மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் இரண்டும் அதை அனுமதித்துவிடும். அங்கே கவனம் உங்களுடையது.

இரவலே எடுக்காத உறுப்பினரும் பட்டியலில் வரவேண்டுமென்றால் 'லெஃப்ட் ஜொயின்'. பலர் சறுக்குவது இங்கேதான். இந்த வருட இரவல் மட்டும் போதும் என்று திகதி நிபந்தனையை 'வேர்' பகுதியில் போட்டால், எடுக்காதவர்கள் எல்லோரும் மறைந்துபோவார்கள். அவர்களுக்கு இ.திகதி 'நல்', அதாவது மதிப்பே இல்லை; அதை எந்தத் திகதியோடு ஒப்பிட்டாலும் விடை 'உண்மை' ஆகாது, நிரை கழிந்துவிடும். நிபந்தனையை 'ஒன்' பகுதிக்கு நகர்த்துங்கள். 'லெஃப்ட் ஜொயின்' வேலையைச் செய்யும் ஒராக்கிளின் பழைய (+) குறியிலும் இதே பொறிதான்: இரவல் அட்டவணையைத் தொடும் ஒவ்வொரு நிபந்தனையிலும் (+) வேண்டும், திகதி நிபந்தனையிலும்கூட. ஒன்றில் மறந்தாலும் சத்தமில்லாமல் சாதாரண இணைப்பாகிவிடும்.

இரண்டு முறைகளையும் ஒரே வினவலில் கலக்கவே வேண்டாம். மைஎஸ்கியூஎல் 5.0.12 முதல் கமாவைவிட 'ஜொயின்' முந்திக்கொள்ளும். ஆகவே 'ஃப்ரம் அ, ஆ ஜொயின் இ ஒன் அ.எண் = இ.எண்' என்றால் ஆ-வும் இ-யும் முதலில் இணையும், அங்கே 'அ.எண்' என்ற நிரலே தெரியாது என்று 1054 பிழை வரும்.

புதிதாக எழுதுவதை 'ஜொயின்' முறையிலேயே எழுதுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழையதை முழுவதுமாக ஒரேயடியாக மாற்றப் போகாதீர்கள். வேறு காரணத்துக்காகத் திறக்கும் வினவலை மட்டும் மாற்றினால் போதும். மாற்றியதும் முதலில் நிரைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பிறகு பழையதிலிருந்து புதியதையும், புதியதிலிருந்து பழையதையும் 'எக்செப்ட்' போட்டுக் கழியுங்கள். ஒராக்கிளில் வழக்கமாக அது 'மைனஸ்'. இரண்டு பக்கமும் வெறுமையாக வரவேண்டும். இரட்டிப்பு நிரைகளை இந்தக் கழித்தல் காட்டாது, அதனால்தான் எண்ணிக்கையும் வேண்டும்.