டாக்டர் ரூமுக்குள் இரண்டு நிமிடம்

முக்கூடலில் இருக்கும் எங்கள் ஆச்சியைப் போன மாசம் பிரஷர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். டோக்கன் 63. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனால், "என்ன ஆச்சி, மேலுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் கையில் பட்டையைச் சுற்றினார், 170-க்கு 100 காட்டியது, 5 மில்லிகிராம் மாத்திரையை 10 ஆக்கி எழுதினார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வரும்போது பஸ் பேட்டையைத் தாண்டியதும் ஆச்சி சொல்கிறாள்: "அந்த மாத்திரையைப் போட்டா காலு தண்டியா வீங்குது மக்கா, அதான் பதினஞ்சு நாளா போடல." டாக்டரிடம் சொல்லவில்லையா என்றால், "அவுக கேக்கலியே."

அந்த மாத்திரை அம்லோடிபின். ரத்தக் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய்கள் விரிகிற அளவுக்கு, திரும்பக் கொண்டுவரும் குழாய்கள் விரிவதில்லை. அதனால் நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து, கணுக்கால் வீங்கும். டோஸ் கூடினால் வீக்கமும் கூடும். வீக்கத்துக்குப் பயந்து ஆச்சி நிறுத்தினாள், நிறுத்தியதால் பிரஷர் ஏறியது, ஏறிய பிரஷரைப் பார்த்து அதே மாத்திரை இரட்டிப்பாகிவிட்டது. டாக்டருக்கு இது தெரியாத விஷயமே இல்லை. "மாத்திரையை ஒழுங்கா போடுதீங்களா?" என்று கேட்க அங்கே நேரம் இல்லை, அவ்வளவுதான்.

நேரம் குறைந்தால் எல்லா வேலையும் சமமாகக் குறையும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சீட்டு எழுதும் நேரம் குறையாது, நோயாளி எழுந்து போய் அடுத்தவர் வந்து உட்காரும் நேரம் குறையாது. காலை நான்கு மணி நேரத்தில் 120 பேர் என்றால் தலைக்கு இரண்டு நிமிடம், அதில் இதெல்லாம் போக மிச்சம் ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது. முதலில் காணாமல் போவது பேச்சு. நோய் பிடிபடுவதோ பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான். 1975-ல் பிரிட்டனில் 80 புது நோயாளிகளை வைத்துப் பார்த்த ஒரு ஆய்வில், அனுப்பிய டாக்டரின் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்டதுமே எட்டிய முடிவு 66 பேருக்குக் கடைசிவரை நின்றது. உடலைத் தொட்டுப் பார்த்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு, ரத்தம் முதலிய பரிசோதனைகளால் இன்னொரு 7 பேருக்கு.

பேச விட்டால் நிறுத்தவே மாட்டார்கள் என்ற பயம் டாக்டர்களுக்கு உண்டு. 1984-ல் அமெரிக்காவில் கணக்குப் பார்த்தபோது, நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். சரி, குறுக்கிடாமல் விட்டால்? சுவிட்சர்லாந்தில் 335 பேரை அப்படி விட்டுப் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். சராசரி 92 விநாடி. நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துவிட்டார்கள். ஆனால் நம் ஊரில் மொத்தச் சந்திப்பே இரண்டு நிமிடம். 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-ல் வந்த ஆய்வில் வங்கதேசத்துக்கு 48 விநாடி, ஸ்வீடனுக்கு 22.5 நிமிடம், இந்தியாவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம்.

பிரஷர் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்படி, முதுகு சாய்த்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்துவிட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி வைத்துப் பார்க்க வேண்டும், ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். ஆச்சி வரிசையிலிருந்து வேகமாக நடந்து வந்து, பதில் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். அந்த 170-ல் எவ்வளவு நோய், எவ்வளவு அவசரம் என்று யார் சொல்ல முடியும்?

மருந்து எழுதுவதைவிட எழுதாமல் இருக்கத்தான் அதிக நேரம் வேண்டும். "சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்காது, இது வைரஸ், தானாக இறங்கும், மூச்சு வாங்கினால் உடனே வாங்க" என்று புரியவைப்பதற்குள் மூன்று சீட்டு எழுதிவிடலாம். அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்திப்புகளை அலசி 2023-ல் வந்த ஆய்வு, சந்திப்பு சுருங்கச் சுருங்கத் தேவையில்லாத ஆன்டிபயாடிக் கூடுவதைக் காட்டியது. ஆனால் முதியவர்களுக்கு ஒவ்வாத மருந்துகளை எழுதுவதில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அதனால் நிமிடத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வரிசையைக் குறைக்க வழி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை வாங்க மட்டும் வரிசையில் நிற்பவர்கள் குறைந்தால் அந்த நிமிடங்கள் மற்றவர்களுக்குப் போகும் என்பதால், எனக்கு இது வெறும் மருந்து விநியோகமாகத் தெரியவில்லை.

கேட்கும் விதமும் முக்கியம். 2007-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், "வேறு ஏதும் உண்டா?" என்பதை விட்டுவிட்டு, வேறு ஏதோ இருக்கிறது என்று எதிர்பார்க்கும் தொனியில் கேட்டதும், சொல்லாமல் விட்டுப்போகும் குறைகள் 78 சதவீதம் குறைந்தன, சந்திப்பு நேரமும் நீளவில்லை. "வேற ஒன்னுமில்லைல்லா?" என்று கேட்டால் எங்கள் ஆச்சி "இல்லய்யா" என்றுதான் சொல்வாள்.

அடுத்த வாரமே திரும்பப் போனோம். உட்கார்ந்ததும் கால் வீக்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே பேசி வைத்திருந்தோம். ஆச்சி மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டர் பிரிக்காமல் கிடந்ததை விரலால் எண்ணிப் பார்த்தார், எந்தத் தேதியிலிருந்து போடவில்லை என்று கேட்டார், வேறு வகை மாத்திரை எழுதினார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, "வேற என்ன செய்யுது ஆச்சி?" என்றார். ஆச்சி ராத்திரித் தூக்கம் வராததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.