டீசல் எஸ்யூவி விற்பவர்களே, மஞ்சள் விளக்கை அணைத்துவிட்டு விற்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒருவர் வந்தார். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெர்பேங்க் பக்கம், ஓய்வு பெற்ற பெரியவர். வண்டி நல்ல வண்டி: ஏழு இருக்கை, மூன்று லிட்டர் டீசல், ஏர் சஸ்பென்ஷன், தோல் இருக்கைகள், கண்ணாடிக் கூரை, எல்லாம் உண்டு. "தம்பி, சனிக்கிழமை ஆள் பார்க்க வராங்க. டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு எரியுது. அதை மட்டும் அணைச்சுக் குடு, ரிப்பேர் ஒண்ணும் வேண்டாம்" என்றார். அந்த வேலையை நான் செய்வதில்லை மாமா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஃபுட்ஸ்டூட்ஸ்னு எழுதிக் கையெழுத்து வாங்கித்தானே விக்கப் போறேன், அப்புறம் என்ன பயம்?" ஃபுட்ஸ்டூட்ஸ் என்றால் 'இருக்கிறபடியே விற்கிறேன்' என்று பொருள்.

டர்பனில் டீசல் வண்டி பார்க்கிற எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார். படித்தவர்கள் சொல்கிறார்கள், கடை நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற அவசரத்தில் இருக்கிற குடும்பங்கள் சொல்கின்றன. அந்த ஒரு சொல்லைத் தாளில் எழுதிவிட்டால் வண்டியில் இருக்கிற எல்லாக் கோளாறும் வாங்கியவர் தலையில் போய்விடும் என்று நம்புகிறார்கள். அப்படிப் போகாது. தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள்.

'இருக்கிறபடியே' என்று எழுதி விற்றால் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கோளாறுக்கு? உங்களுக்கே தெரியாத கோளாறுக்கு. நீங்கள் விற்ற மறுமாதம் டர்போ போகிறது, அதற்கு முன் உங்களுக்கு எந்த அறிகுறியும் தெரியவில்லை என்றால் அந்த வரி உங்களைக் காக்கும். கோளாறு தெரிந்தும் ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்தீர்கள் என்று வாங்கியவர் நிரூபித்துவிட்டால் அதே வரி ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். கோளாறு பெரிதென்றால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தையே கொடுக்கச் சொல்லலாம்.

"எனக்குத் தெரியும்னு அவன் எப்படி நிரூபிப்பான்?" அடுத்த கேள்வி எப்போதும் இதுதான். சொல்கிறேன். மஞ்சள் விளக்கை அணைக்க ஸ்கேனர் வைத்து எரர் கோடை, அதாவது கோளாறுக் குறியீட்டை, அழித்தால், அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை வண்டியின் கணினியே எண்ணிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதைச் சாதாரண ஸ்கேனரிலேயே படிக்கலாம். வெள்ளிக்கிழமை அழித்து சனிக்கிழமை விற்ற வண்டியில் அந்த எண் உங்களுக்கு எதிராகப் பேசும். உங்களுக்கு ஒர்க்‌ஷாப் அனுப்பிய கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் இருக்கும். பக்கத்துத் தெரு மெக்கானிக்கை சாட்சிக்கு அழைத்தால் அவர் பொய் சொல்ல மாட்டார். நானும் சொல்ல மாட்டேன்.

கூலண்ட் குறைகிற வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றி ஊற்றிப் பழகிவிட்டீர்கள், ஊருக்குள் ஓடும்போது பிரச்சனையே தெரியாது. வாங்கியவர் குடும்பத்தோடு என்3 நெடுஞ்சாலையில் ஜோஹன்னஸ்பர்க் போகிறார். வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கிறது. இந்த ரக டீசலில் எஞ்சின் வேலை என்றால் சிறு வழக்கு மன்றத்தின் 20,000 ராண்ட் வரம்புக்குள் அடங்கவே அடங்காது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம், வக்கீல், அலைச்சல். அதைவிட முக்கியம், அந்த வண்டியில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள்.

டீலரிடம் வாங்குகிறவருக்கு 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆறு மாத உத்தரவாதம் தானாகவே உண்டு. சொந்த வண்டியை ஒருமுறை விற்கிற தனிநபருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் வீட்டு முற்றத்தில் வண்டிகளை வாங்கி வாங்கி விற்கிறவர்கள் "நான் பிரைவேட்" என்று தப்பிக்க நினைக்காதீர்கள். அது தொழில்.

இதற்கெல்லாம் மருந்து மிக எளிது. தெரிந்த கோளாறுகளை ஒரு தாளில் எழுதுங்கள். கிலோமீட்டரையும் தேதியையும் போடுங்கள், இருவரும் கையெழுத்திடுங்கள், ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்ட கோளாறை மறைத்ததாக யாரும் வழக்குப் போட முடியாது. விலை குறையும், ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் குறையாது. வாங்க வருகிறவர் தெரியாத கோளாறுக்குத்தான் அதிகமாகக் கழித்துக் கேட்பார்.

டிபிஎஃப் என்கிற புகை வடிகட்டி ஏன் அடைக்கிறது என்று இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை, வண்டிக் கையேட்டிலேயே இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று அதை வெட்டி எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரையும் மாற்றியிருக்கிறீர்களா? அதையும் தாளில் எழுதுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வண்டியா? அவசியம் எழுதுங்கள். கார்பெட்டுக்கு அடியில் இருக்கிற கண்ட்ரோல் யூனிட்டுகளின் இணைப்புகள் மெதுவாகத்தான் அரிக்கும், இன்று ஓடுகிறது என்பது ஒன்றையும் நிரூபிக்காது.

கூடுதல் பொருத்தல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புல்பார், ஸ்நார்க்கல், இரண்டாவது பேட்டரி, கூரைக் கூடாரம், இழுப்பறையில் ஃப்ரிட்ஜ். சானி பாஸ் மலைப்பாதை ஏறுவதற்கென்று ஆசையாகப் போட்டீர்கள், பெரும்பணம் செலவானது. அந்தத் தொகையை அப்படியே விலையில் ஏற்றிக் கேட்டால் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுவிட எஸ்யூவி தேடுகிறவருக்குக் கூடாரம் எதற்கு? கழற்ற முடிந்ததைக் கழற்றித் தனியாக விற்றால் கைக்குக் கூடுதலாகவே வரும். படகு, டிரெய்லர் இழுக்கிற டௌபாரைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர் முதலில் குனிந்து பின் ஆக்ஸிலைத்தான் பார்ப்பார். மீன்பிடிப் படகை உப்புத்தண்ணீரில் இறக்கி ஏற்றிய வண்டி என்றால் அங்கே துரு தெரியும். கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள், புதுப் பெயிண்டே காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பெனியிலிருந்தே வந்த வசதிகள் வேறு விஷயம். அவை எல்லாம் வேலை செய்ய வேண்டும். கூரை பாதியில் நிற்கிறது, பின்கதவு தானாகத் திறக்கவில்லை, இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலையில் இறங்கி நிற்கிறது என்றால், எஞ்சினையும் இப்படித்தான் வைத்திருப்பான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். விலையைத் தாங்கிப் பிடிப்பது சர்வீஸ் புத்தகம், கிலோமீட்டர் எழுதிய பில்கள், இரண்டு சாவிகள். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் ஒன்று இருந்தால் நானே அந்த வண்டியை மரியாதையோடு பார்ப்பேன்.

"ரோட்வொர்த்தி பாஸ் ஆயிடுச்சே" என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். அது பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, டயர் போன்ற சாலைப் பாதுகாப்புக்கான சோதனை. எஞ்சினைத் திறந்து யாரும் பார்ப்பதில்லை. சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், ஆகவே வாங்குபவர் உறுதியான பிறகு எடுங்கள்.

இனி பணமும் காகிதமும். வண்டி ஃபைனான்ஸில் இருந்தால் சட்டப்படி உரிமை வங்கியிடம்தான் இருக்கிறது. முதலில் மீதிக் கடன் எவ்வளவு என்று வங்கி தருகிற செட்டில்மெண்ட் கடிதம் வாங்குங்கள், வாங்குபவரிடமும் காட்டுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. வங்கி எஸ்எம்எஸ் மாதிரி வருகிற செய்தியும் ஆகாது. உங்கள் ஆப்பை நீங்களே திறந்து, எடுக்கக்கூடிய இருப்பில் தொகை நிற்பதைப் பார்த்த பிறகுதான் சாவி. காசோலை தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு இந்நாட்டில் எந்த வங்கியும் அதை எடுப்பதில்லை. ஓட்டிப் பார்க்க வருகிறவரின் லைசென்ஸைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். வண்டியை விட்டு இறங்கும்போது சாவி உங்கள் கையில் இருக்கட்டும். அக்காமார், அத்தைமார் தனியாக இருக்கிற வீட்டுக்கு ஆளைக் கூப்பிட வேண்டாம், நாலு பேர் நடமாடுகிற இடத்தில் காட்டுங்கள்.

வண்டி கைமாறியதை அறிவிக்கிற என்சிஓ படிவத்தை லைசென்ஸிங் அலுவலகத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். "அவர் போட்டுக்கறேன்னார்" என்று விட்டவர்களுக்கு வேக அபராதம் வீடு தேடி வந்துகொண்டிருக்கிறது. வாங்கியவரின் அடையாள அட்டை நகலும் முத்திரையிட்ட படிவமும் உங்களிடம் இருக்க வேண்டும். அதுவரை இன்ஷூரன்ஸை நிறுத்தாதீர்கள்.

சாவி கொடுக்கும் முன் வண்டிக்குள் ஒருமுறை உட்காருங்கள். நேவிகேஷனில் வீட்டு முகவரி, ப்ளூடூத்தில் இறங்கிய தொலைபேசி எண்கள், கேட் திறக்கிற பட்டனின் நினைவு, எல்லாவற்றையும் அழியுங்கள். சன்வைசரில் மாட்டிய கேட் ரிமோட்டை எடுத்துவிடுங்கள். கம்பெனி ஆப்பிலிருந்து வண்டியை நீக்குங்கள், டிராக்கர் ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள் அல்லது பெயர் மாற்றுங்கள். எப்படி அழிப்பது என்று தெரியாவிட்டால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேளுங்கள், பத்து நிமிட வேலை.