நீரை மேலேற்றும் சக்கரம்

பெய்ஜிங்கின் வெண்முகில் கோயிலில் 1886இல் செதுக்கிய ஒரு கல் இருக்கிறது. அதிலுள்ள படத்தின் பெயர் நெய்ஜிங் தூ. சம்மணமிட்ட மனித உடலைப் பக்கவாட்டில் காட்டும் படம்தான், ஆனால் எலும்போ குடலோ அதில் இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் மலைகள். வயிற்றில் ஒருவன் எருது பூட்டி உழுகிறான். முதுகுத்தண்டின் அடியில் ஒரு சிறுவனும் சிறுமியும் நீர்ச்சக்கரம் மிதித்து ஆற்றை மேல்நோக்கி ஏற்றுகிறார்கள்.

இந்தப் படம் காட்டும் பயிற்சியைச் சீனாவின் தாவோ மரபு ‘நெய்தான்’ என்கிறது, அதாவது உள் ரசவாதம். ‘தான்’ என்றால் சாதிலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கனிமம். பழைய ரசவாதிகள் அதைச் சூடாக்கிப் பாதரசம் பிரித்தார்கள். கந்தகம் சேர்த்தால் சிவப்பு திரும்பியது. இப்படி மீண்டு வரும் பொருளை உண்டால் சாவில்லை என்று நம்பி, தாங் வம்சப் பேரரசர்கள் சிலர் நஞ்சேறி இறந்தார்கள். அப்புறம் அதே சொற்கள் மெல்ல உடலுக்குள் குடியேறின. தொப்புளுக்குக் கீழே உள்ள இடம் ‘தான்தியன்’, சாதிலிங்க வயல். எருது அங்கே உழுவது அதனால்தான்.

நெருப்பு மேலே போகும், நீர் கீழே இறங்கும். இரண்டும் அதனதன் போக்கில் விலகினால் உலை கொதிக்காது. நெருப்பை நீருக்கு அடியில் வைத்தால் ஆவி எழும். பயிற்சியின் சாரமே இந்தத் தலைகீழ் மாற்றம்தான். கவனத்தை அடிவயிற்றில் நிறுத்தி, மூச்சை மெல்ல விடுகிறார்கள். அங்கே வெதுவெதுப்பு தோன்றியதும், அதை முதுகு வழியே உச்சிக்கு ஏற்றி, முன்புறமாக இறக்குகிறார்கள். இது ‘சிறு சுற்று’. இதில் ஜிங் எனும் உடற்சாரம் சி எனும் உயிர்மூச்சாகவும், அது ஷென் எனும் தெளிந்த உள்ளமாகவும் மாறுவதாகச் சொல்கிறார்கள்.

சரி, உடலியல் என்ன சொல்கிறது? மூச்சை வெளிவிடும்போது மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சு என்று குறைந்தால், மூச்சும் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கும். பதற்றம் அடங்கும்போது தோலின் ரத்தக்குழாய்கள் விரிய, கைகளில் சூடு பரவும். முதுகில் ஏறும் அந்தப் பாதையை மட்டும் அறுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்படித் தேடுவதே தவறு என்பேன். அது கவனம் நடந்து போவதற்கான வரைபடம்.

அந்தக் கவனத்தை எவ்வளவு இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்பதே கடினமான பகுதி. அதை ‘ஹுவோஹோ’ என்கிறார்கள், தீயின் பக்குவம். முதலில் கடுந்தீ, பிறகு மென்தீ. சீனச் சமையல்காரர்களும் அடுப்படியில் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.