பதிவேட்டில் இட்டு நிரப்பிய தொலைபேசி எண்

இணையத்தில் கணினிகளைக் குறிக்கும் ஐபி முகவரிகளின் தொகுதிக்கோ, தனித்தியங்கும் வலையமைப்பை அடையாளம் காட்டும் தன்னாட்சி அமைப்பு எண்ணுக்கோ விண்ணப்பிக்கும்போது, தொலைபேசிக் கட்டத்தில் பூஜ்ஜியங்களையோ 1234567890 என்ற வரிசையையோ இட்டு நிரப்பிவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் பொறியாளர்களை என் பணியில் அடிக்கடி காண்கிறேன். எண்ணின் வடிவம் சரியாக இருந்தால் படிவம் ஏற்றுக்கொண்டுவிடும். மறுமுனையில் யார் எடுப்பார் என்று அது கேட்பதில்லை.

ஒருமுறை வேறொரு வலையமைப்பு எங்கள் முகவரிகளைத் தன்னுடையவை எனத் தவறாக அறிவித்ததால் எங்களுக்கு வரவேண்டிய தரவுப் போக்குவரத்து திசைமாறியது. முகவரிகளை வைத்திருப்பவரின் விவரங்களைக் காட்டும் ஹூஇஸ் (WHOIS) பதிவில் அந்த வலையமைப்புக்குக் கண்ட எண்ணை நள்ளிரவில் அழைத்தோம். எடுத்தவர், வலையமைப்பு என்றால் என்னவென்றே அறியாத ஒரு முதியவர். தமக்கு இப்படி அழைப்புகள் வருவது முதல்முறையல்ல என்று வருத்தத்தோடு சொன்னார். அவருடைய தூக்கத்தைக் கெடுத்த குற்றவுணர்வு எனக்கு இன்னும் இருக்கிறது.

மின்னஞ்சல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிறுவனங்கள் பொதுப் பணிப்பெயர்களில் அஞ்சல் பெட்டி வைத்திருக்க வேண்டும் என்று 1997-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2142 என்ற இணைய நடைமுறை ஆவணம் கூறுவது உண்மைதான். ஆனால் அஞ்சல் சர்வரும் பழுதான அதே முகவரித் தொகுதிக்குள் இருந்தால், வழித்தடம் சீராகும்வரை கடிதம் போய்ச் சேராது. தொலைபேசி வேறு பாதையில் செல்வதால்தான் அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. இணையவழித் தொலைபேசி மட்டுமே வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானிலிருந்து கசிந்த தவறான வழித்தட அறிவிப்பு, யூடியூபை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளுக்கு எட்டாமல் செய்தது. இத்தகைய நேரத்தில், சரியான ஆளைத் தேடுவதில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பே.

இன்று எவருக்கும் ஒதுக்கப்படாத எண் நாளை ஒருவருக்கு ஒதுக்கப்படலாம். அவர் தீய நோக்கம் கொண்டவரானால், உங்கள் நிறுவனத்தின் பெயரில் பேசும் வாய்ப்பை நீங்களே அவருக்குத் தந்தவராகிறீர்கள். டொமைன் பெயர்களில் சட்டச் சிக்கலும் உண்டு: டொமைன் பெயர் முறையை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு, பெயர்களைப் பதிந்துதரும் பதிவாளர்களுடன் செய்துகொள்ளும் 2013 ஒப்பந்தப்படி, வேண்டுமென்றே தவறான தொடர்பு விவரம் தருவதும், அதன் சரித்தன்மை குறித்த பதிவாளரின் விசாரணைக்கு 15 நாட்களுக்கு மேல் பதிலளிக்காமல் இருப்பதும், பெயரை இடைநிறுத்தவோ நீக்கவோ காரணமாகலாம்.

தேவையற்ற விற்பனை அழைப்புகளுக்கு அஞ்சியே பலர் பொய் எண் தருகிறார்கள்; அந்த அச்சம் நியாயமானது. அதற்காகத் தனிநபர் எண்ணை விடுத்து, இரவும் பகலும் முறைவைத்துப் பணியிலிருக்கும் குழுவிடம் சுழலும் பொது எண்ணை, நாட்டுக் குறியீட்டுடன் பதியுங்கள். பிறகு ஓர் இரவில், வெளி எண்ணிலிருந்து அதை நீங்களே அழைத்து, எடுப்பவருக்கு ரவுட்டரைத் தொடும் அதிகாரமோ அதிகாரமுள்ளவரை எழுப்பும் வழியோ இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.